கோவை மேசைக்கு எந்தப் புராசசர்?

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் புதிய டெஸ்க்டாப் கேட்டு நிற்பவருக்கு இரண்டு தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். "இன்டெல்லே போட்டுக்குங்ணா, நிக்கும்" என்பது ஒன்று. "ஏஎம்டி சூடாகுமுங்க" என்பது மற்றொன்று. இரண்டையும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. 2001-ல் ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிச் சோதித்தபோது ஏஎம்டியின் அத்லான் கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. 2013-ல் வந்த எஃப்எக்ஸ்-9590 சில்லுக்கு ஏஎம்டி அறிவித்த வெப்ப அளவு 220 வாட். கடைக்காரரின் வாக்கு அந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது. குறை என்னவென்றால், அனுபவம் காலாவதியான பின்னும் வாக்கு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 2022-ல் 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-13900கே சில்லை விற்றது இன்டெல். 2024-ல் தன் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் நிலை குலைவதை ஒப்புக்கொண்டு வாரன்டியை நீட்டியதும் இன்டெல்தான்.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு வேலையிலிருந்து தொடங்குவதே முறை. கடைத்தெருவின் வாக்குக்கு மாற்றாக நாம் நம்பும் பன்னாட்டு மதிப்புரைகளிலும் இந்த முறை இல்லை. அவற்றின் வரைபடங்களில் பாதிக்கு மேல் விளையாட்டுகள். மீதியில் முதலிடம் சினிபெஞ்சுக்கு. அது படத்தை ரெண்டர் செய்யும் சோதனை. எல்லாக் கோர்களையும் ஒருசேர விரட்டிப் பெறும் எண்ணைப் பெரிதாகக் காட்டும். கொங்கு வட்டாரத்து மேசைகளில் நடப்பது வேறு. பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் உதிரிகளுக்கு மாடல் வரைகிறார்கள், விஎம்சிக்கு டூல்பாத் போடுகிறார்கள். அரசூர்ப் பக்கத்து வார்ப்படச் சாலையில் உலோகம் உறையும் விதத்தை சிமுலேஷனில் பார்க்கிறார்கள். திருப்பூரில் மார்க்கரும் எம்பிராய்டரி டிசைனும். ஈரோட்டிலும் கரூரிலும் ஜக்கார்டு டிசைன். ஊர் முழுக்க டாலி. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ. இந்த வேலைகளுக்கும் அந்த வரைபடங்களுக்கும் உள்ள உறவு மெல்லியது. ஒரு பம்பை அதன் உச்ச ஹெட்டை மட்டும் பார்த்து இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. நம் கிணற்றின் ட்யூட்டி பாயின்டில் என்ன தருகிறது என்றுதான் கேட்பார்கள். புராசசரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நிறுவனங்கள் தரும் எண்களையும் அப்படியே ஏற்க முடியாது. 2018-ல் இன்டெல் பணம் கொடுத்துச் செய்வித்த ஒப்பீட்டில் ரைசன் 7 2700எக்ஸ் சில்லு, பாதிக் கோர்கள் அணைக்கப்பட்ட நிலையில் சோதிக்கப்பட்டிருந்தது. வெளியார் சுட்டிக்காட்டிய பிறகே மறுசோதனை நடந்தது. ஏஎம்டியும் இதில் சுத்தம் அல்ல. 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 வரிசைக்கு அது சொன்ன விளையாட்டு வேகத்தை மதிப்பீட்டாளர்கள் எட்ட முடியவில்லை. விண்டோஸின் நிர்வாகிக் கணக்கில் சோதித்தோம் என்பதும் காரணங்களில் ஒன்றாக வந்தது. கோர் எண்ணிக்கை இன்னொரு கண்கட்டு. 2011-ல் புல்டோசரை எட்டுக் கோர் என்று விற்ற ஏஎம்டி, இரண்டிரண்டு கோர்களுக்கு ஒரே ஃப்ளோட்டிங் பாயின்ட் பகுதியைப் பகிர்ந்து வைத்திருந்தது. வழக்கு 2019-ல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இன்று இன்டெல் ஐ5-14400-ஐப் பத்துக் கோர் என்கிறது. அதில் ஆறு முழுக் கோர்கள், நான்கு சிறு கோர்கள். பொய் இல்லை, ஆனால் பத்தும் ஒரே தரமும் இல்லை.

இனி வேலைகளுக்கு வருவோம்.

ஒரு இம்பெல்லரை மாடல் செய்கிறார் டிசைனர். ஹப், ஷ்ரவுட், அதன்மேல் ஒரு பிளேடு, பிளேடின் அடியில் ஃபில்லெட், பிறகு அதை ஆறாகச் சுற்றும் பேட்டர்ன், கடைசியில் கீவே. வாடிக்கையாளர் போனில் சொன்னபடி ஃபில்லெட்டை 3 மி.மீ.-லிருந்து 4 ஆக்குகிறார். மென்பொருள் அந்த இடத்திலிருந்து கீழே உள்ள ஒவ்வொரு ஃபீச்சரையும் வரிசையாக மறுபடி கட்டவேண்டும். பிளேடு முடியாமல் ஃபில்லெட் இல்லை, ஃபில்லெட் முடியாமல் பேட்டர்ன் இல்லை. முன்னது முடியும்வரை பின்னதற்கு வேலையே கிடையாது. இருபது கோர் இருந்தாலும் ஒன்று உழைக்க, பத்தொன்பது பார்த்துக்கொண்டிருக்கும். சாலிட்வொர்க்ஸின் மறுகட்டுமானமும் ஆட்டோகேடின் அன்றாட வேலையும் பெரும்பாலும் ஒற்றை இழையில் ஓடுவதற்கு அடிப்படை இதுதான். நிரலாளரின் சோம்பல் என்று கேலி செய்பவர்கள் வடிவியலின் சார்புச் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள்.

இந்த மேசைக்குத் தேவை ஒற்றைக் கோரின் வேகம். ஐ5-12400, ரைசன் 5 5600 இரண்டும் 2022-ல் வந்தவை. ஆறு கோர், உச்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். எண்கள் ஒன்றாயிருந்தும் ஒற்றைக் கோரில் இன்டெல் சற்று முந்துகிறது, ஏனெனில் ஒவ்வொரு துடிப்பிலும் அதன் கோர் செய்யும் வேலை கூடுதல். எதிர்ப்பக்கம் 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ், 12400-க்கு 18. தீர்மானிப்பது வேறொன்று: 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, 12400-ல் உண்டு. தனி கார்டு வாங்காத பில்லிங் மேசைக்கு இந்த ஒரு காரணமே போதும். இதற்கு ஏஎம்டியின் விடையான 5600ஜி கிராபிக்ஸைக் கொடுத்துவிட்டு எல்3 கேஷைப் பாதியாக வெட்டிக்கொண்டது. டாலிக்கு அதுவும் அதிகம்தான். நான்கு கோர் ஐ3-12100 போதும், மிச்சப் பணத்தை நல்ல எஸ்எஸ்டியில் போடுவதே புத்தி.

மேலே ஒரு படி ஏறினால் ரைசன் 5 9600எக்ஸ், கோர் அல்ட்ரா 5 245கே. 2024-ல் வெளியானபோது முன்னதற்கு 279 டாலர், பின்னதற்கு 309. உச்ச வேகம் 5.4, 5.2 கிகாஹெர்ட்ஸ். ஒற்றைக் கோரில் இரண்டுக்கும் இடையே மயிரிழைதான். எல்லாக் கோரும் உழைக்கும்போது 245கே தெளிவாக முந்துகிறது. அதன் பதினான்கு கோர்களுக்கு எதிரே 9600எக்ஸ் ஆறைத்தான் வைக்கிறது. எனவே கேள்வி அந்த மேசை எப்போதாவது எல்லாக் கோரையும் கேட்குமா என்பது. வரைவு மட்டும் என்றால் கேட்காது. டூல்பாத் கணக்கிட்டபடியே அடுத்த ஜாப்பைத் திறப்பவர், ரெண்டரைப் பின்னால் ஓடவிட்டுக் கொட்டேஷன் தட்டுபவர் என்றால் கேட்கும். ஆனால் இன்டெலின் இருதரக் கோர் முறையில் ஒரு கறை உண்டு. பின்னணிக்குத் தள்ளிய வேலையை விண்டோஸ் சில சமயம் சிறு கோர்களிடம் ஒப்படைத்துவிடும். பழைய விண்டோஸ் 10-ல் இது கூடுதல். ஓட்டத்தின் நடுவில் ஜன்னலை மினிமைஸ் செய்தவருக்கு ரெண்டர் நேரம் நீள்வதன் காரணம் அதுவாக இருக்கலாம். ஏஎம்டியில் எல்லாக் கோரும் ஒரே வார்ப்பு. இந்தத் தலைவலி இல்லை.

மதிப்புரைகள் பெரிதாகப் பிழை செய்த இடமும் இதுவே என்பது என் எண்ணம். கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை 2024 அக்டோபரில் வந்தபோது, விளையாட்டில் தன் முந்தைய தலைமுறையிடமே தோற்றது என்று எல்லோரும் சாத்தினார்கள். தோற்றது உண்மை. ஆனால் வேலை என்ற அளவுகோலில் கோர் அல்ட்ரா 7 265கே நேர்மையான முன்னேற்றம்: இருபது கோர், குறைந்த மின்சாரம், வெளியானபோது 394 டாலராக இருந்து பிறகு நன்றாக இறங்கிய விலை. மறுபுறம், அந்த ஆண்டின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி சில்லின் 96 எம்பி கேஷ் விளையாட்டில் அற்புதம். ஃபில்லெட்டை மாற்றும் டிசைனருக்கு அது ஏறத்தாழ ஒன்றுமே செய்யாது. ஒரு தேர்வில் பெற்ற பரிசை இன்னொரு தேர்வுக்குக் கொண்டுவருவது திறனாய்வு ஆகாது.

கல்யாண வீடியோ எடிட்டருக்கு விடை இன்னும் தெளிவு. இப்போதைய சோனி கேமராக்கள் 10-பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. இந்த வடிவத்தின் எச்.265 பதிவை வன்பொருளிலேயே பிரித்தெடுக்கும் வசதி இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உண்டு. ரைசன் டெஸ்க்டாப் சில்லுகளில் இல்லை. என்விடியாவும் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தது. விலை உயர்ந்த ரைசனில் டைம்லைன் திக்கித் திக்கி ஓட, நடுத்தர இன்டெல் வழுக்கிக்கொண்டு போவதன் மர்மம் இவ்வளவே. இதில் கோர் எண்ணிக்கைக்கு வேலையில்லை. வாங்கும்போது 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் சில்லை எடுத்தால் இந்தச் சாதகமும் போய்விடும். அதில் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும். கடையில் ஓரிரு ஆயிரம் குறைவாகச் சொன்னால் ஏன் குறைவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்ப்பு சிமுலேஷனில் ஏஎம்டிக்கு மரியாதை கூடுகிறது, ஆனால் நிபந்தனையோடு. ரைசன் 9 9950எக்ஸ் பதினாறு முழுக் கோர்களையும் ஏவிஎக்ஸ்-512 வசதியையும் தருகிறது. பிந்தையதை இன்டெல் தன் டெஸ்க்டாப் வரிசையிலிருந்து 12-ஆம் தலைமுறையோடு நீக்கிவிட்டது. காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் ரைசர் எங்கே வைத்தால் கனமான பகுதியில் சுருங்கு குழி விழாது என்று பார்ப்பவரின் கணக்கு, கண்ணிகளாகப் பிரித்த வார்ப்பின் வெப்பநிலையை ஒவ்வொரு கால அடிக்கும் நினைவகத்திலிருந்து எடுத்து, திருத்தி, திரும்ப எழுதுவது. பல சமயம் தடை கோரில் இல்லை, ரேம் வழியில்தான் இருக்கிறது. 9950எக்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்பது டிடிஆர்5-5600. இரண்டு சேனலில் நொடிக்கு 89.6 ஜிபி. கோர் அல்ட்ரா 9 285கே ஏற்பது டிடிஆர்5-6400, அதாவது 102.4 ஜிபி. இந்த வாய்க்கால் நிரம்பிய பிறகு பதினாறாவது கோர் சேர்ப்பது வெறும் வெப்பம். இதோடு மென்பொருள் உரிமமும் சேர்ந்துகொள்ளும். அன்சிஸ் மெக்கானிக்கலின் அடிப்படை உரிமம் நான்கு கோர் வரைதான். மேலே போக தனியாகக் கட்டவேண்டும். உரிமத்தாளைப் படிக்காமல் பதினாறு கோருக்குப் பணம் கட்டிய நிறுவனத்துக்கு எந்த பெஞ்ச்மார்க்கும் துணை வராது.

இங்கே மூன்றாவது போட்டியாளர் ஒருவரைச் சொல்லாவிட்டால் ஒப்பீடு முழுமை பெறாது. பழைய டெல், எச்பி வொர்க்ஸ்டேஷன்களில் வரும் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்தது, பதினான்கு கோர். நான்கு சேனல் டிடிஆர்4-2400 என்பதால் நொடிக்கு 76.8 ஜிபி, புது ஐ5-ல் இரண்டு சேனல் டிடிஆர்4-3200 போட்டால் கிடைப்பதோ 51.2 தான். இன்ஜினீயரிங் மாணவர்களும் சிறு சிமுலேஷன் அலுவலகங்களும் இதை நாடுவதில் நியாயம் இருக்கிறது. ஈசிசி ரேமும் இலவச இணைப்பு. ஆனால் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான், இம்பெல்லரின் ஃபில்லெட்டை மாற்றினால் டீ குடித்துவிட்டு வரலாம். விண்டோஸ் 11 இதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. லினக்ஸில் இரவெல்லாம் ஓடும் கணக்குக்கு வாங்கலாம். வரைவு மேசைக்கு வேண்டாம்.

மின்சாரக் கணக்கில் நம் ஊருக்கு ஒரு மரபு இருக்கிறது. நூற்பாலைக்காரர் எவரும் மோட்டாரின் வாட்டைப் பார்த்து மில்லை மதிப்பதில்லை; ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற யுகேஜியைத்தான் பார்ப்பார். 1956-லிருந்து இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெளியிடும் நெறிகள் அந்தச் சிந்தனையை வட்டாரத்தின் பொதுப்புத்தி ஆக்கின. அதே முறையில் புராசசரை அளக்கவேண்டும்: ஒரு வேலை முடிய எத்தனை யூனிட்? 180 வாட்டில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் சில்லு 0.18 யூனிட் எடுக்கும். 120 வாட்டில் 72 நிமிடம் எடுப்பது 0.144. இரண்டாவது மெதுவானது, ஆனால் சிக்கனமானது. இருந்தாலும் தொகையைப் போட்டுப் பார்த்தால் மதிப்புரைகள் எழுப்பும் கூச்சலுக்கு இடமில்லை. நூறு வாட் வித்தியாசம், நாளுக்கு எட்டு மணி நேரம் முழுச்சுமை, ஆண்டுக்கு 300 நாள், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,920 ரூபாய். அதுவும் எந்த மேசையும் எட்டு மணி நேரமும் முழுச்சுமையில் ஓடாது.

பில்லை விட வெப்பம் முக்கியம். மதிப்புரைக் கூடங்களில் அறை வெப்பநிலை இருபது, இருபத்தைந்து டிகிரி. ஏப்ரல் மதியம் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே அது நாற்பதைத் தொடும். கூலரின் திறன் மாறாது. புறப்படும் இடம் பதினைந்து டிகிரி மேலே போய்விடுகிறது. கூடத்தில் 85 டிகிரியில் நின்ற சில்லு இங்கே 100-ஐ முட்டி வேகத்தைக் குறைக்கும். திருப்பூர், சோமனூர்ப் பக்கம் பஞ்சுத் துகள் ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளம் போல் படிவது தனி. ரைசன் 7000-ன் மேல்நிலைச் சில்லுகள் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஏஎம்டி அதை இயல்பு என்கிறது. ஆய்வுக்கூடத்தில் அது இயல்பு, பட்டறையில் துணிச்சல். ஆனால் ஏஎம்டியின் ஈக்கோ மோட் பாராட்டுக்குரியது: பயாஸில் ஒரு தேர்வு, மின்சாரம் நன்றாக இறங்கும், வேகம் சிறிதே இறங்கும். இன்டெலிலும் பவர் லிமிட்டை இறக்கலாம். இரண்டிலும் வாங்கிய அன்றே செய்யவேண்டிய வேலை அது. 600 விஏ யுபிஎஸ்ஸின் பின்னால் 250 வாட் சில்லையும் கிராபிக்ஸ் கார்டையும் மாட்டிவிட்டு, மின்வெட்டில் கணினி அணைந்தது என்று யுபிஎஸ்ஸைத் திட்டுவது நியாயமில்லை.

நம்பகத்தன்மையில் தீர்ப்பு கடுமையாக இருக்கவேண்டும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெலின் ஐ5 முதல் ஐ9 வரையான பல சில்லுகள் அளவுமீறிய வோல்டேஜால் மெல்ல மெல்லச் சேதமாயின. முதலில் பழி மதர்போர்டு நிறுவனங்கள்மேல் போனது. 2024 ஜூலையில்தான் இன்டெல் காரணத்தை ஏற்றது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன. வாரன்டி இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. நீட்டியது நேர்மை, தாமதித்தது குற்றம். ஏற்கெனவே சேதமான சில்லைத் திருத்தம் மீட்காது. ஆகவே செகண்ட்ஹேண்டில் வரும் 13900கே, 14900கே எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலக்கத்தக்கது. ஏஎம்டி பக்கம் 2023 ஏப்ரலில் சில மதர்போர்டுகளில் 7000எக்ஸ்3டி சில்லுகள் எரிந்தன. எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்து விரைவில் முடித்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சமநிலை அல்ல, சோம்பல்.

நீண்டகால மதிப்பில் ஏஎம்டி முந்துகிறது. 2017-ல் முதல் ரைசனுக்கு வாங்கிய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸ் புதுப்பித்து, 2022-ன் 5800எக்ஸ்3டி சில்லை மாட்டமுடிந்தது. அதே காலத்தில் இன்டெல் எல்ஜிஏ1151-ஐ இரண்டு ஒவ்வாத வடிவங்களாக்கி, பிறகு 1200, 1700, 1851 என்று நகர்ந்தது. ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு என்கிறது ஏஎம்டி. அதே ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்பது அதன் பலவீனம். 2025-ன் கடைசி மாதங்களில் அந்த ரேமின் விலை ஏறியபோது, புராசசரில் மிச்சம் பிடித்ததை ரேம் விழுங்கியது. கையில் டிடிஆர்4 இருப்பவருக்கு எல்ஜிஏ1700-ல் 12400 இன்னும் உயிருள்ள தேர்வு.

தீர்ப்பு இதுதான். கணக்கு மேசைக்கு ஐ3-12100, கொஞ்சம் கூடுதல் வேண்டுமென்றால் ஐ5-12400. வரைவு மட்டும் செய்யும் டிசைனருக்கு ரைசன் 5 9600எக்ஸ். கை கடித்தால் அதே சாக்கெட்டில் 7600. டூல்பாத், ரெண்டர், கல்யாண வீடியோ மூன்றில் எது பிரதானமானாலும் பவர் லிமிட் இறக்கிய கோர் அல்ட்ரா 7 265கே. சாக்கெட்டின் எதிர்காலம் குறுகியது என்பதை அறிந்தே வாங்கவேண்டும். சிமுலேஷனுக்கு ஈக்கோ மோடில் 9950எக்ஸ், உரிமம் எட்டுக் கோருக்கு மேல் அனுமதித்தால் மட்டும். எதை வாங்கினாலும் பாக்ஸ் பீஸ், ஜிஎஸ்டி பில். டிரே சில்லுக்கு நிறுவன வாரன்டியை எதிர்பார்க்க வேண்டாம். பணம் கட்டுமுன் உங்கள் மேசையிலேயே கனமான ஒரு மாடலை பென்டிரைவில் எடுத்துப்போய், கடையில் ஓடும் கணினியில் மறுகட்டுமானம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.